கொட்டகைக்குக் கொடுத்த முடி

1

2024 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். செவ்வாய்க்கிழமை சமையல் என் முறை. அரிசி களைந்து வைத்தேன். பருப்பு வேகும்போதே முள்ளங்கி நறுக்கினேன். இந்த ஊர் முள்ளங்கி நம்முடையதைவிட மிகவும் பருமன். சாம்பாருக்குப் பாதி போதும், மீதியைத் தாளில் சுற்றி வைத்தேன். குப்பையை உணவு, பிளாஸ்டிக், காகிதம் என்று பிரித்துக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மகள் தீபா எழுந்து வந்து, பாட்டுக் கேட்டபடியே சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டாள். போகும்போது என் தலையை ஒருமுறை பார்த்தாள்.

அன்று காலை எனக்குக் கொரியக் குடியுரிமைக்கான நேர்காணல். தலையில் மூன்று வாரத்து முடி. கண்ணாடியில் பார்த்தால் திருமலையிலிருந்து அண்மையில் இறங்கி வந்த ஆள் மாதிரி இருந்தேன். பிரச்சினையே அதுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் நகரிக்காரன். பெயர் முனிகிருஷ்ணன். திருப்பதியில் டிப்ளமோ படித்துவிட்டு, சென்னைக்கு வெளியே ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தேன். அவர்கள் 1999இல் பயிற்சிக்கென்று கொரியாவுக்கு அனுப்பினார்கள். இங்கேயே தங்கிவிட்டேன். தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வார்ப்பில் வரும் பாகங்களை அளந்து, முடியின் தடிமன் அளவுக்குப் பிசகினாலும் ஒதுக்கி வைப்பது என் பிழைப்பு. இவ்வளவு காலம் குடியுரிமை கேட்கவில்லை. கேட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். இப்போது தீபாவுக்குப் பதினேழு. இங்கேயே பிறந்தவள், ஆனால் பிறந்ததால் மட்டும் இங்கே குடியுரிமை வராது. அவள் மேஜராவதற்குள் எனக்குக் கிடைத்தால் என்னோடு சேர்த்து அவளுக்கும் கிடைக்கும். தவறினால் அவள் தனியாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அன்று என் தலையில் இருந்தது என் கவலை மட்டுமல்ல.

2

மொட்டையைப் பற்றி நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் விளக்கினால் சிரிப்பீர்கள். இந்த நாட்டு மொட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1999 கோடை. நான் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தொழிற்சாலை விடுதியில் அடுத்த கட்டிலில் இருந்தவர் பாக். இன்று அவர் என் மேலாளர். அன்று என்னைப்போலவே ஷிப்ட் தொழிலாளி. விடுமுறை நாளில் சியோலைச் சுற்றிக்காட்ட அழைத்துப்போனார். பெரிய சாலை ஒன்றின் ஓரத்தில் கூட்டம். நடுவில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பின்னால் நின்றவர்கள் மெஷினால் அவர்கள் முடியை வழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அழுதார்.

"யார் இவர்கள்?" என்று கேட்டேன்.

"சினிமாக்காரர்கள்" என்றார் பாக்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருப்பதியில் படித்தவனுக்கு இதில் என்ன புதிர்? படம் வெளியாகும் வாரத்தில் தயாரிப்பாளரும் டைரக்டரும் மலையேறி முடி கொடுத்துவிட்டு, பளபளக்கும் தலையோடு இறங்கி வருவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! படப்பெட்டியையே சாமி முன் வைத்து எடுத்துப்போவார்கள். இவ்வளவு தூரம் தள்ளி, சாமி பெயர் தெரியாத ஊரிலும் இந்த வழக்கம் இருக்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, நம் ஊர் மலைப்பாதையில் சொல்வதுபோல உரக்கச் சொன்னேன்: "கோவிந்தா! கோவிந்தா!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நெற்றியில் சிவப்புப் பட்டை கட்டியிருந்த ஓர் இளைஞன், ஏதோ வெளிநாட்டு ஆதரவு முழக்கம் என்று எடுத்துக்கொண்டான். முஷ்டியை உயர்த்தி, "கோபிந்தா!" என்றான். அவன் பின்னால் இருந்தவர்களும் சொன்னார்கள். எவனோ என் கையில் ஒரு அட்டையைத் திணித்தான். பாக் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில், சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாக எனக்கு விளக்கினார். இங்கே தியேட்டர்கள் வருடத்தில் இத்தனை நாள் கொரியப் படம் ஓட்டியே ஆக வேண்டும் என்று சட்டம். அமெரிக்கா அதை எடுக்கச் சொல்லி நெருக்குகிறது. எடுத்தால் எங்கள் படம் செத்தது.

"அதற்கு எதற்கு மொட்டை?"

"முடி அப்பா அம்மா கொடுத்தது, முனி. அதையும் வெட்டிப் போட்டால், இதற்குமேல் இழக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்."

நான் நம்பவில்லை. ஒரு சட்டத்துக்காக, அதுவும் சினிமாச் சட்டத்துக்காக, மனிதர்கள் தெருவில் உட்கார்ந்து தலையை மழித்துக்கொள்வார்களா என்று விடுதி அறையில் தனியாகச் சிரித்தேன்.

3

சிரிப்பு சீக்கிரம் நின்றது. காரணம் நகரி.

நகரியில் எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. ஆபீசுக்குப் போனால் மனு தெலுங்கில் கொடுப்போம், வெளியே வந்து தமிழில் திட்டுவோம். தமிழ் எழுத்தை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை; சினிமாச் சுவரொட்டியைக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். கொட்டகையில் இரண்டு மொழிப் படமும் ஓடும். எந்த வாரம் எது என்பது வெளியே எங்கோ முடிவாகும். பெரிய படம் ஒன்று வந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் படம் வெள்ளிக்கிழமை காலையில் காணாமல் போயிருக்கும். விசைத்தறியில் ஷிப்ட் முடித்து நேராகக் கொட்டகைக்கு வரும் என் நைனா, அதாவது அப்பா, சுவரொட்டி மாறியிருப்பதைப் பார்த்து, "இன்னாடா, அதுக்குள்ள தூக்கிட்டானுங்களா? பாதி ஊர் இன்னும் பாக்கவே இல்லியே" என்று வாசலில் நின்று சத்தம் போடுவார். டிக்கெட் கொடுப்பவர், "நானா தூக்கினேன்? மேல சொன்னாங்க" என்பார்.

ஆகவே, சொந்த மொழிப் படத்துக்குச் சட்டம் போட்டு நாள் ஒதுக்குவது என்றால் என்னவென்று எனக்கு வேகமாகவே புரிந்தது. புரிந்த பிறகு படம் பார்க்கத் தொடங்கினேன். கொரிய எழுத்தையும் சுவரொட்டியில்தான் கற்றேன்.

நான் வந்த காலம் அப்படி. பெரிய அமெரிக்கப் படம் ஓடும் அரங்கைத் தாண்டி வந்து, உள்ளூர்ப் படத்துக்கு ஜனம் வரிசையில் நின்றது. அந்தப் படங்களில் போலீஸ்காரன் குற்றவாளியைப் பிடிக்காமலே போய்விடுவான். அழுதுகொண்டிருப்பவன் வழுக்கி விழுவான், நாம் சிரித்துவிட்டுக் குற்ற உணர்வோடு உட்கார்ந்திருப்போம். நல்லவன் யார் என்பதில் தியேட்டருக்கு வெளியே சண்டை நடக்கும். மொழி முழுதும் புரியாத எனக்கே, இவர்கள் யாரையும் பார்த்து எழுதவில்லை என்று தெரிந்தது.

இது எப்படி வந்தது என்று எனக்குச் சொன்னவர் ஓ நூனா. ஓ அவருடைய குடும்பப் பெயர், நூனா என்றால் அக்கா. இங்கே நாங்கள் குடியிருக்கும் ஊரின் சந்தைக்குப் பக்கத்தில் ஒற்றைத் திரைக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதைச் சில பேர் சேர்ந்து நடத்துகிறார்கள், அவர்தான் முன்னால் நிற்பவர். டிக்கெட்டும் கொடுப்பார், கழிவறைக் குழாயும் சரிசெய்வார். எண்பதுகளில் கல்லூரி மாணவி. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, பிரதிக்குப் பிரதி எடுத்து மங்கிப்போன வீடியோ கேசட்டில் உலகப் படங்களைப் பார்த்தார்களாம். "முகம் தெரியாது, முனி. மூக்கு எங்கே என்று நாங்களே யூகிப்போம்." அப்போது தணிக்கைக்காரர்கள் வெட்டியது போக மிஞ்சியதுதான் படம். தொண்ணூறுகளில் நீதிமன்றம் அது செல்லாது என்றது. போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் டைரக்டர்கள் ஆனார்கள். பெரிய கம்பெனிகள் பணம் போட்டன. அவர்கள் எடுத்ததைக் காட்ட, சட்டம் காப்பாற்றிக் கொடுத்த நாட்கள் இருந்தன.

பிறகு அந்த நாட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். அதற்குள் படங்கள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியிருந்தன என்பார்கள் சிலர். நூனா ஒத்துக்கொள்ள மாட்டார். "நிற்பவன் காலைப் பாதி வெட்டிவிட்டு, பார், இன்னும் நிற்கிறான் என்கிறார்கள்" என்பார்.

அமெரிக்காவின் பெரிய விருது கொரியப் படத்துக்கு வந்த நாளில், எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் டி.வி.யைச் சுற்றிக் கூட்டம். பாக் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். "முனி! பார்த்தாயா? நாங்கள்!" நானும் கைதட்டினேன். கை சிவக்கத் தட்டினேன். ஆனால் ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். இந்தச் சினிமாவில் என்னைப்போன்ற ஆள் இன்னும் பின்வரிசையில்தான் நிற்கிறான். தொழிற்சாலையில் விரல் போனவன், சம்பளம் கேட்டு அடி வாங்குபவன், தப்பும் தவறுமாகக் கொரிய மொழி பேசிச் சிரிக்க வைப்பவன். பல வருடமாக என் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, என் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. இதை நூனாவிடம் சொன்னால், "எடுப்பார்கள். அதுவரை நீ டிக்கெட் வாங்கு" என்பார். வாங்கினேன். சனிக்கிழமைதோறும் வாங்கினேன். இது என் சினிமா இல்லை என்று யாரும் சொல்ல நான் விட்டதில்லை.

4

இந்த வருடம் கோடையில் நகராட்சி அறிவித்தது: சந்தைக் கொட்டகையை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள். கட்டடம் நகராட்சியுடையது, கொட்டகைக்காரர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். தொற்றுக்காலத்துக்குப் பிறகு இங்கே தியேட்டருக்குப் போகும் பழக்கமே தளர்ந்துவிட்டது. பெரிய அரங்குகளிலேயே காற்றுதான் உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் போனில் பார்க்கிறார்கள், தீபா உட்பட.

செப்டம்பர் கடைசியில், நகராட்சி அலுவலக வாசலில் மூன்று பேர் மொட்டை அடித்துக்கொள்வதென்று கொட்டகைச் சங்கம் முடிவு செய்தது. நூனா, சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஹான், ஓர் இளம் டைரக்டர். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வெளிநாட்டவர் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது என்று இங்கே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அது எனக்கு மனப்பாடம். ஆகவே தெருவின் எதிர்ப்பக்கம், மரத்தடியில் நின்றேன்.

மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டில் ஆள். டைரக்டர் வரவில்லை. அடுத்த படத்துக்கு அரசு உதவி கேட்டு விண்ணப்பித்திருக்கிறானாம், இந்த நேரத்தில் முடியாது என்று செய்தி அனுப்பிவிட்டான். நிருபர்கள் காலி நாற்காலியைத்தான் படம் எடுத்தார்கள். வாயிற்காவலர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "பார், அவர்களுக்குள்ளேயே ஆள் இல்லை" என்று சொன்னது தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

நான் திடீரென்று எதையும் செய்பவன் அல்ல. குடை வாங்கக்கூட இரண்டு கடை பார்ப்பேன். ஆனால் சிக்னல் மாறும்வரை காத்திருந்து, நடைபாதைக் கோட்டின் மேலேயே நடந்துபோய், அந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நூனா தலை பாதி மழித்த நிலையில் திரும்பிப் பார்த்தார். "எழுந்திரு, முனி. உனக்குப் பரீட்சை இருக்கிறது." நேர்காணலைத்தான் அப்படிச் சொன்னார்.

"உட்கார்ந்துவிட்டேன், நூனா."

"முட்டாள்" என்றார். ஹான், "என் மண்டை இவ்வளவு கோணல் என்று எனக்கே இன்றுதான் தெரிகிறது" என்று சிரித்தார். மெஷின் என் பிடரியில் ஏறியது.

5

வீட்டில் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். என் மனைவி லதா பிச்சாட்டூர்க்காரி. இங்கே ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். கதவைத் திறந்தவள் என் தலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாயா இது! யாரு செத்தா?"

"யாரும் சாகலை. கொட்டகைக்காக."

"கொட்டாய்க்கா? பொண்ணுக்கு வேண்டிக்கினு கொடுத்திருந்தா கும்புட்டிருப்பேன். கொட்டாய் இன்னா, உன் குலதெய்வமா? பேப்பர்ல போட்டானுங்கன்னா அந்த ஆபீஸ்ல பாக்க மாட்டாங்க?"

பேப்பரில் போட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை, கடைசிப் பக்கம். படத்தில் மூவரும் தெளிவாக இருந்தோம். கீழே எழுதியிருந்ததில் மூன்றாவது ஆள் 'நேபாளத் தொழிலாளி ஒருவர்' என்றிருந்தது.

திருப்பதியில் வாடகைக் கார் ஓட்டும் என் மச்சான் பாபு, லதாவின் தம்பி, போனில் வந்தான். அவனுக்கு அக்கா எல்லாம் சொல்லிவிட்டாள்.

"ஏம் மாமா இது? ஊரே இங்க வந்து மொட்ட அடிச்சிக்கினு போவுது, நீ அங்க போயி அடிச்சிக்கினு கீற. சரே, ஆனது ஆச்சி. ஒண்ணே ஒண்ணு பண்ணு. அவங்க கேட்டா, திருப்பதி மொக்குன்னு சொல்லிடு. எங்க சாமிக்கு வேண்டுதல், அவ்ளோதான். எவன் வந்து பாக்கப் போறான்?"

"பின்னால் நகராட்சி ஆபீஸ் தெரியுது, பாபு, படத்துல."

"சாமிக்கு எடம் ஒரு கணக்கா? எங்க கொடுத்தாலும் அவருக்குத்தான் போவும்னு சொல்லு. போன வருஷம் நீ வந்தப்ப மலமேல மொட்டையோட எடுத்த போட்டோ என்னாண்ட கீது. தோ, அனுப்பறேன். அத்த காட்டு. கேஸ் க்ளோஸ்."

பாக்கும் அதையேதான் சொன்னார், வேறு விதமாக. மதியம் என் மேசைக்கு வந்து, "இந்தியாவில் மதச் சடங்கு என்று கம்பெனி சார்பில் ஒரு கடிதம் தருகிறேன்" என்றார். தொண்ணூற்றொன்பதில் என் காலரைப் பிடித்து இழுத்தவர் அவர். இப்போதும் அக்கறையால்தான் இழுக்கிறார். நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

தீபாவிடம் அன்றிரவு நானாகவே போய்ப் பேசினேன். நான் தமிழில் கேட்பேன், அவள் கொரிய மொழியில் பதில் சொல்வாள்; எங்கள் வீட்டில் வருடங்களாக அப்படித்தான்.

"வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டினார்கள்" என்றாள். "உன் அப்பாவா என்று கேட்டார்கள்."

"என்ன சொன்ன?"

"நேபாளி என்று போட்டிருக்கிறதே, எங்கள் அப்பா இந்தியர் என்றேன்."

பிறகு அவளே சொன்னாள்: "அந்தத் தியேட்டரில் நாற்காலி முதுகைக் குத்துகிறது. ஒலி சரியில்லை. நல்ல படம் எல்லாம் எனக்குப் போனில் வந்துவிடுகிறது. அது போனால் யாருக்கு என்ன? எனக்கு அடுத்த வருடம் கல்லூரி விண்ணப்பம். எல்லோரும் தங்கள் குடிமக்கள் எண்ணைப் போட்டுவிட்டுப் போகிற இடத்தில் நான் மட்டும் எத்தனை காகிதம் கொடுப்பது?"

அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நாற்காலி குத்தத்தான் செய்கிறது.

6

நேர்காணல் அறையில் ஒரு மேசை, ஒரு கொடி. எதிரே ஐம்பது வயதுப் பெண் அதிகாரி. தேசிய கீதம் பாடச் சொன்னார். பாடினேன். மக்களாட்சி என்றால் என்ன, அறுவடைத் திருநாளில் என்ன சாப்பிடுவார்கள், அண்டை வீட்டாரோடு தகராறு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நல்ல உச்சரிப்பு என்றார். பிறகு கோப்பின் அடியிலிருந்து அந்தப் பத்திரிகைத் துணுக்கை எடுத்து வைத்தார். யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

"இது நீங்களா?" என்றார். உடனே அவரே, "நேபாளத்தவர் என்று போட்டிருக்கிறார்கள்" என்றார்.

அவர் குரலில் பொறி எதுவும் இல்லை. ஒரு தலையசைப்பு போதும், துணுக்கு திரும்பக் கோப்புக்குள் போய்விடும் என்று தெரிந்தது. என் மகள் வகுப்பில் சொன்ன அதே பதில்தான்.

"நான்தான்" என்றேன். "நேபாளம் என்பது தவறு. நான் இந்தியன். ஆந்திரத்தில் நகரி என்ற ஊர். தாய்மொழி தமிழ்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை நிறுத்தி, "இந்தியாவில் கோயிலுக்குப் போனால் தலையை மழித்துக்கொள்வார்களாமே. தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இது அந்த மாதிரியா?" என்றார்.

என் சட்டைப்பையில் போன் இருந்தது. அதில் பாபு அனுப்பிய படம் இருந்தது; திருமலையில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நான். எடுத்துக் காட்டினால் போதும். அதிகாரி அதற்கான கட்டத்தில் 'மதச் சடங்கு' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளை அழைப்பார். தீபாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவர்கள் வைத்திருந்த தண்ணீரைக் குடித்தேன்.

"இல்லை" என்றேன். "சாமிக்குக் கொடுக்கும் முடியை எங்கள் ஊர் மலையில் கொடுப்பேன். கொடுத்துமிருக்கிறேன். இது கொட்டகைக்குக் கொடுத்தது."

"அப்படியானால் இது போராட்டம்."

"ஆமாம்."

"அந்தத் தியேட்டரில் உங்களுக்குப் பங்கு உண்டா?"

"இல்லை."

"அங்கே வேலை செய்தீர்களா?"

"டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தேன்."

"அதற்காகவா?"

"அதற்காகத்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வெளிநாட்டவருக்குள்ள விதி உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். மனப்பாடமாகச் சொல்ல முடியும். படம் பார்த்த கொட்டகையை இடிக்காதே என்று கேட்பது அரசியலா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்போது பாடினேனே, அந்தப் பாட்டை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் கற்றுத்தரவில்லை. உங்கள் மொழி எனக்குச் சந்தைக் கொட்டகையில் வந்தது. உங்கள் சினிமா உலகமெல்லாம் போய்விட்டது என்று எல்லோரும் விருதைக் காட்டுகிறார்கள். அது எழுந்து நடந்த தரையில் கார் நிறுத்தப் போகிறார்கள். நீங்கள் எனக்குக் குடியுரிமை கொடுத்த பிறகு நான் இதைக் கேட்கலாம், அப்போது தடை இல்லை. ஆனால் அதுவரைக்கும் கொட்டகை நிற்காது."

நான் இவ்வளவு நீளமாகக் கொரிய மொழியில் பேசியதே இல்லை. இரண்டு இடத்தில் மரியாதை விகுதி பிசகியது, பேசும்போதே தெரிந்தது. திருத்தவில்லை.

"நன்னடத்தை பற்றிய பகுதியில் இதைக் குறிக்க வேண்டியிருக்கும்" என்றார். "கூடுதல் ஆய்வுக்குப் போகும். எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. உங்கள் மகளின் வயது..."

"தெரியும். குறித்துக்கொள்ளுங்கள். இந்தியன் என்று குறியுங்கள்."

அவர் சிரிக்கவில்லை. கடிந்துகொள்ளவும் இல்லை. போய் வாருங்கள் என்றார்.

7

மாலை லதா வேலை முடித்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்: "இன்னாயா சொன்ன?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தீபா அறைக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களே ரெண்டு வாட்டி கதவத் தொறந்து வுட்டாங்க" என்றாள் லதா. "ரெண்டு வாட்டியும் நீயே இஸ்து மூடிட்டு வந்துக்கினு கீற."

"ஆமா."

"பொண்ணு மூஞ்சப் பாத்து சொல்லு."

தீபாவைப் பார்த்தேன். "லேட் ஆகலாம்மா. கிடைக்காமலும் போகலாம். உனக்கு வேண்டிய எல்லாக் காகிதத்துக்கும் நானே அலைவேன். ஆனா அந்தம்மா முன்னாடி உட்கார்ந்து அது நான் இல்லைன்னு என் வாயால சொல்ல முடியலை."

அவள் தரையைப் பார்த்தாள். காது சிவந்திருந்தது. "இனி நானும் படத்தில் இருப்பது யாரோ நேபாளி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது" என்றாள், கொரிய மொழியில், எரிச்சலோடு. கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் சாப்பாட்டுக்கு வந்தாள். சாம்பாரை இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். எப்போது கூட்டம் என்று கேட்டாள். நகர்மன்றத்தில் இடிப்பு பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்பது வெள்ளிக்கிழமை என்றேன். "போவீர்களா?" என்றாள். போவேன் என்றேன். உச்சுக்கொட்டினாள்.

லதா பாபுவுக்குப் போன் போட்டு, பால்கனியில் நின்று பேசினாள். "இல்லடா, சொல்லலியாம்... ஆமாண்டா, அதேதான். பைத்தியம்தான்... இல்ல, கேளு. சாமி பேர்ல பொய் சொல்ல நாமதான் ஏத்தி வுட்டோம். எனக்கு அன்னிலேர்ந்து தீவம் ஏத்தவே கை வரல. வுடு, நானே பேசிக்கறேன்" என்று சொன்னது உள்ளே கேட்டது. என்னிடம் அவள் அதைச் சொல்லவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அக்டோபர் 16, புதன்கிழமை. புதன்கிழமை சமையல் அவள் முறை. நான் எழுந்தபோது அடுப்பு பற்றவில்லை. குளியலறையில் விளக்கு எரிந்தது. பிளாஸ்டிக் முக்காலி நடுவில் கிடந்தது. லதா முட்டிவரை புடவையைச் செருகிக்கொண்டு, கையில் என் ஷேவிங் ரேசரோடு நின்றாள்.

"குந்து" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்கா? வெள்ளிக்கிழம சபைக்குப் போவல? இப்பிடி அரைகொறையா முளைச்ச தலையோடவா போவ? அந்தப் பேப்பர் போட்டோலயே காதாண்ட திட்டுத் திட்டா வுட்டிருந்தானுங்க, பாக்கவே கேவலமா இருந்துது. குனி."

குனிந்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. உலை வைப்பதற்கு முன்பே என் தலையை முழுதும் மழித்துவிட்டிருந்தாள்.